காரோடு இணையும் கூடாரம்: சேர்வராயன் மலைக்குப் புறப்படுமுன்

காரின் பின்கதவை உயர்த்தி வைத்து, அந்தத் திறப்பைச் சுற்றிக் கூடாரத்தின் வாயைப் போர்த்திக் கட்டிவிட்டால், காரின் உட்புறமும் கூடாரத்தின் உட்புறமும் ஒரே அறையாகிவிடும். வாகனத்தோடு இணையும் கூடாரம் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். தனியாக நிற்கும் கூடாரத்தில் தங்குபவர், நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டால், போர்வைக்கும் மருந்துக்கும் நனைந்துகொண்டே கார் வரை நடக்க வேண்டும். இதில் அந்த நடை இல்லை. பின்னிருக்கையை மடக்கி மெத்தையை விரித்தால் இருவர் காருக்குள்ளேயே படுத்துக்கொள்ள, மற்றவர்கள் கூடாரத்தில் படுக்கலாம். நிமிர்ந்து நின்று உடை மாற்றவும் இடம் இருக்கும்.

மே மாதக் கோடை விழாவின்போதும் தொடர் விடுமுறைகளிலும் ஏற்காட்டில் அறை கிடைப்பது எளிதல்ல என்பதால், சேலத்திலிருந்து காரில் மலையேறுபவர்களுக்கு இப்படி ஒரு கூடாரம் வாங்கினால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பே. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். துணியும் காரும் எந்த இடத்தில், எந்த முறையில் சேர்கின்றன என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. மழை ஒழுகுவது, காற்றில் துணி படபடப்பது, புகை உள்ளே வருவது என இவ்வகைக் கூடாரத்தின் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இணைப்பில்தான் தொடங்குகிறது.

இவற்றில் சில வகைகள் உண்டு. டிக்கிக் கதவைச் சுற்றிப் பொருந்துவது ஒன்று. காரின் பக்கவாட்டில் கூரைக் கம்பியில் மாட்டிப் பந்தல்போல் இழுத்துக் கட்டி, வேண்டுமானால் சுற்றுச் சுவர்த் துணியும் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. தன் கால்களில் தானே நிற்கக்கூடிய கூடாரத்தை ஒரு துணிச் சுரங்கத்தால் காரோடு இணைப்பது மூன்றாவது வகை. இதில் சுரங்கத்தை மட்டும் அவிழ்த்துவிட்டால் கூடாரம் அங்கேயே நிற்க, காரை எடுத்துக்கொண்டு கடைக்கோ மருத்துவமனைக்கோ போய் வரலாம். குழந்தைகளோடு இரண்டு நாள் தங்கும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. காரின் கூரைமேல் ஏணி வைத்து ஏறிப் படுக்கும் வகையும் உண்டு. அதன் விலையும் எடையும் வேறு தரத்தவை.

கூரைமேல் ஏற்றும் கூடாரத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரின் கூரை தாங்கும் எடைக்கு இரண்டு கணக்குகள் உண்டு: வண்டி ஓடும்போது தாங்குவது ஒன்று, நிற்கும்போது தாங்குவது மற்றொன்று. நின்றிருக்கும் வண்டியின் கூரை, படுத்திருக்கும் இருவரின் எடையையும் தாங்கலாம். ஆனால் ஓடும்போது, திருப்பத்திலும் பிரேக்கிலும் விசை கூடுவதால், அனுமதிக்கப்படும் எடை அதைவிட வெகுவாகக் குறையும். பல கார்களில் அது 50 முதல் 75 கிலோவுக்குள்தான் இருக்கிறது. கூரைக் கூடாரமோ பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல்தான் இருக்கும். தாங்கிகளின் எடையையும் இதோடு கூட்ட வேண்டும். காரோடு வரும் உரிமையாளர் கையேட்டில் இந்த எண் இருக்கும். கையேட்டைப் பார்க்காமல், கூரையில் நீளவாட்டில் இரண்டு பட்டைகள் இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நம் ஊரில் விற்கும் கார்கள் சிலவற்றில் அவை அழகுக்காகப் பொருத்தப்பட்டவை, சுமை தாங்குவதற்கு அல்ல. மேலும், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கூரையில் அறுபது கிலோவை ஏற்றினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்வது கூடும். முதல் முறை கூடாரம் வாங்குபவருக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, காருக்கு எது பொருந்தும் என்பது. டிக்கியைச் சுற்றிப் பொருந்தும் கூடாரங்கள், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வேகன் ஆர், எர்டிகா, இன்னோவா போன்றவற்றில் அந்தக் கதவே கூடாரத்துக்கு முன்கூரையாகிவிடுகிறது. பொலேரோ, ஸ்கார்பியோ போன்றவற்றில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். பொலேரோவில் அதன்மேல் ஸ்டெப்னி வேறு தொங்கும். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் கூடாரத்தின் வாய் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்குமே தவிரச் சரியாகப் படியாது. டிசையர் போன்ற செடான் கார்களில் டிக்கி திறந்தாலும் அதன் வழியாக உள்ளே போய்ப் படுக்க இயலாது. ஆகவே இவ்விரு வகைக் கார்களுக்கும் பக்கவாட்டுப் பந்தலே பொருத்தம். கடைக்குப் போகுமுன் தரையிலிருந்து கூரை வரையுள்ள உயரம், பின்புறத்தின் அகலம், பின்கதவு முழுதும் திறந்திருக்கையில் அதன் நுனி நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டால் போதும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை இந்த அளவுகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இணைப்பில் மழைநீர் எப்படி நுழைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கட்டும் முறை தானாகவே விளங்கிவிடும். ஓட்டு வீட்டில் மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின்மீது படிந்திருப்பதால்தான் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. கூடாரத்தின் துணியும் அப்படித்தான் காரின் கூரைமேல் ஓரடியாவது முன்னோக்கி ஏறிப் படிந்து, இரு பக்கமும் கீழே இறங்கி இறுக வேண்டும். ஆனால் காரின் கூரை தட்டையானது. அதில் விழும் நீர் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். காரின் பின்புறம் தாழ்ந்திருந்தால் கூரை நீர் முழுவதும் துணியின் விளிம்பைத் தேடி வந்து, அதன் அடியில் புகுந்து, படுத்திருப்பவரின் கால்மாட்டில் சொட்டும். முன்புறம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தால் அதே நீர் முன்கண்ணாடி வழியாக வெளியே போய்விடும். தரை முழுச் சமமாகக் கிடைக்காத மலையில், மழைக்காலத்தில், காரின் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்துவதே நல்லது.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. தெளிந்த இரவுகளில் மலைச்சரிவின் காற்று குளிர்ந்து கனத்து, மேலிருந்து கீழ்நோக்கி வழியும். மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்றால் அந்தக் காற்று நேராகக் கூடாரத்தின் முகத்தில் மோதும். மூக்கு ஏற்றத்தைப் பார்த்து நின்றால் காரே கூடாரத்துக்குக் காற்றுத் தடுப்பாகும். நீருக்கு ஒரு திசை, காற்றுக்கு எதிர்த்திசை. மழைக்கு வாய்ப்புள்ள ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் நீருக்கு முதலிடம் தரலாம். வானம் தெளிந்த ஜனவரி, பிப்ரவரியில் காற்றுக்கு முதலிடம் தரலாம். தலையை மட்டும் எப்போதும் மேட்டுப் பக்கம் வைத்துப் படுக்க வேண்டும்.

கட்டும்போது எல்லாப் பைகளையும் காருக்குள் ஏற்றி, படுப்பவர்களையும் உள்ளே உட்கார வைத்த பிறகே கடைசி இறுக்கத்தைத் தர வேண்டும். ஆட்கள் ஏறியதும் காரின் ஸ்பிரிங்குகள் அமுங்கிப் பின்புறம் தாழும்; முன்னரே இறுகக் கட்டியிருந்தால் அதுவரை விறைப்பாக இருந்த துணி தொய்ந்து, தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். எலாஸ்டிக் கயிறாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை அது தானே சரிசெய்துகொள்ளும். கொக்கிகளைக் கூரைத் தாங்கியிலோ சக்கரத்திலோ, வண்டியை இழுப்பதற்கான வளையத்திலோ மாட்டலாம். வைப்பரிலும் நம்பர் பிளேட்டிலும் பிளாஸ்டிக் பம்பரின் விளிம்பிலும் மாட்டுவது அவற்றை உடைப்பதற்கான வழி. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுபவர்கள் கயிறு இழுப்பதைச் சற்று நின்று கவனித்தால், எந்த விளக்கப் படமும் தராத தெளிவு இதில் கிடைக்கும்.

ஆனால் மலையேறி வந்து நின்ற உடனேயே இதைச் செய்துவிடக் கூடாது. கீழ் கியரில் வளைவு வளைவாக ஏறி வந்த வண்டியின் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் வாய் பெரும்பாலான கார்களில் பின் பம்பருக்குக் கீழே, அதாவது கூடாரத்தின் கீழ்த்துணி தொடும் அதே இடத்தில் இருக்கிறது. பாலியஸ்டரும் நைலானும் சூட்டில் உருகிச் சுருங்கும் துணிகள். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கட்டினால் போதும். மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்திருக்கும்போது, உயரமாக வளர்ந்த உலர்புல்லின்மீது வண்டியை நிறுத்துவதே ஆபத்து. சூடான புகைக்குழாயின் அடியில் புல் பற்றிக்கொள்ளக்கூடும்.

சைலன்சரின் வாய் அங்கே இருப்பதால் வரும் இன்னொரு விளைவே இக்கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. கூடாரம் இணைந்திருக்கும்போது இன்ஜினை ஓடவிடக் கூடாது. குளிருக்கு ஹீட்டர் வேண்டும், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்ற எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை அது தடுக்கிறது; தூங்குபவர் விழித்துக்கொள்ளாமலேயே உயிரிழக்கலாம். குளிருக்கு அடுப்புக் கரித் தணலைச் சட்டியில் வைத்து உள்ளே கொண்டுவருவதும் இதே வாயுவைத்தான் தரும். சமையல் எப்போதும் வெளியே, துணியிலிருந்து தள்ளி நடக்க வேண்டும்.

குளிர் எவ்வளவு இருக்கும் என்பதை ஓரளவு கணக்கிட்டே சொல்லலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, சேலத்தைவிட அங்கே சுமார் 8 டிகிரி குறைவாக இருக்கும். சேலத்தில் மின்விசிறி போட்டுத் தூங்கும் இரவில் அங்கே கம்பளி தேவைப்படலாம். கார் உலோகத்தால் ஆனது என்பதால் கதகதப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் உலோகமும் கண்ணாடியும் வெப்பத்தை விரைவில் வெளியே கடத்திவிடும். போர்வையை மேலே போர்த்துவதைவிட உடலுக்கு அடியில் கெட்டியான மெத்தையோ நுரைப்பாயோ இருப்பதே பெரிதும் உதவும்.

குளிரோடு சேர்ந்து வருவது ஈரம். காலையில் கூடாரத்தின் உட்துணி நனைந்திருப்பதைக் கண்டு கூடாரம் ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடுபவர்கள் பலர். அது பெரும்பாலும் மழைநீர் அன்று. நாமே இரவெல்லாம் விட்ட மூச்சு. மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீராவி, குளிர்ந்த துணியிலும் கார்க் கண்ணாடியிலும் பட்டு நீர்த்துளிகளாகிறது. எல்லா ஜிப்பையும் இறுக மூடிப் படுத்தால் இது கூடும். கூடாரத்தின் வலைச் சாளரங்களில் எதிரெதிரான இரண்டையும், காரின் முன்கண்ணாடிகளில் ஒன்றை இரண்டு விரல் அளவும் திறந்து வைத்தால் காற்று நகர்ந்து ஈரம் குறையும். கொசுவுக்குக் கண்ணாடித் திறப்பில் வலைத்துணியைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் மூடுபனி இறங்கிய இரவில் வெளிக்காற்றே நீராவியால் நிறைந்திருப்பதால், எவ்வளவு திறந்து வைத்தாலும் ஈரம் முற்றிலும் போகாது. அதற்குத் துடைக்க ஒரு பருத்தித் துண்டை எடுத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

துணி உண்மையிலேயே நீர் தாங்குமா என்பதை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். துணியின்மீது நீரை ஒரு குழாயில் நிறுத்தினால் எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்கும் என்பதே அந்த எண். மேல்துணிக்கு 2,000 மில்லிமீட்டரும், மேலே ஆட்கள் அழுத்தும் தரைத்துணிக்கு 3,000 மில்லிமீட்டரும் இருந்தால் மலை மழைக்குக் கவலையில்லை. இந்த எண்ணைவிடத் தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது பயன் தரும். ஊசித்துளை வழியாக நீர் வருவதற்குத் துணியின் தரம் தடையாகாது.

வண்டியை நிறுத்துவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூக்கு இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ் கியரிலும் ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியரிலும் விட்டு, சக்கரங்களுக்கு இறக்கப் பக்கத்தில் கட்டையோ கல்லோ முட்டுக்கொடுக்க வேண்டும். மரத்தடி நிழலை மட்டும் தவிர்க்கலாம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பது பார்க்க அழகுதான். ஆனால் அம்மரத்தின் கிளைகள் காற்றில் எளிதில் முறிபவை. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து நீர் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

பின்கதவு இரவு முழுவதும் திறந்திருப்பதால் காரின் உள்விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கலாம். சிறிய காரில் 35 ஆம்பியர்-மணி அளவிலான பேட்டரி இருப்பதாகக் கொள்வோம். ஐந்து வாட் விளக்கு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் அதில் சுமார் நான்கு ஆம்பியர்-மணி செலவாகும்; அதனால் வண்டி கிளம்பாமல் போகாது. ஆனால் 40 வாட் குளிர்பெட்டியை இரவெல்லாம் ஓட்டினால் பேட்டரி முழுவதும் காலியாகிவிடும். விளக்கை அணைக்கும் பொத்தானை முன்னரே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குச் சார்ஜ் ஏற்றும் கைவிளக்கைப் பயன்படுத்துவது எளிது.

எங்கே தங்குவது என்பதில் கவனம் தேவை. மலையில் கண்ணில் படும் வெற்றிடமெல்லாம் பொதுவிடம் அன்று. பெரும்பகுதி தனியார் காப்பித் தோட்டம். மீதியில் காப்புக்காடு இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, கோடையில் காட்டுக்குள் போவதை வனத்துறையினர் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. பகோடா முனை, லேடீஸ் சீட் போன்ற காட்சி முனைகளும் மலைச்சாலையின் ஓர ஒதுக்கங்களும் இரவு தங்குவதற்கான இடங்கள் அல்ல. எஸ்டேட் விடுதிகளிலும் வீட்டு விடுதிகளிலும் முன்கூட்டியே பேசி, அவர்களுடைய முற்றத்தில் கூடாரம் போட்டுக்கொள்ள அனுமதி பெறுவதே முறையானது. கழிப்பறை வசதியும் அதோடு கிடைத்துவிடும். பேசும்போது முற்றம் வரை கார் வருமா, மழை பெய்தால் மண்பாதையில் சக்கரம் சிக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் காட்டெருமைகள் நடமாடுகின்றன. அவை தாமாக வந்து தாக்குபவை அல்ல என்றாலும், இருட்டில் எதிர்பாராமல் அருகே போய் நிற்பவர்மீது பாயக்கூடியவை. இரவில் வெளியே இறங்குமுன் கைவிளக்கால் சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். பகலில் தொல்லை குரங்குகளால். துணிக்கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம் இருப்பது தெரிந்தால் அவை ஜிப்பைத் தேட மாட்டா, துணியைக் கிழித்துவிடும். உணவுப் பொருள்களை மூடிய காருக்குள் வைப்பதற்கு இந்தக் கூடாரம் வழி செய்கிறது, ஆனால் இணைப்புத் திறந்திருக்கும்போது கார் மூடியிருப்பதாக ஆகாது என்பதை மறந்துவிடுவது எளிது.

ஏப்ரல், மே மாத மாலைகளில் சேலம் வட்டாரத்தில் இடியோடு கோடை மழை வருவது வழக்கம். துணிக்கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. அதன் கம்பிகள் நிலைமையை மோசமாக்கவே செய்யும். உலோகக் கூரையுள்ள கார், கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருக்கும்போது, மின்னலைத் தன் உடல் வழியாகத் தரைக்குக் கடத்தி உள்ளிருப்பவரைக் காக்கும். இடி கேட்கத் தொடங்கியதும் அனைவரும் காருக்குள் வந்து, கூடாரத்தின் வாயைப் பிரித்துப் பின்கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இதை விரைந்து செய்யும்படி அந்தக் கூடாரத்தின் இணைப்பு இருக்கிறதா என்பதை வாங்குமுன் பார்ப்பது நல்லது. கயிறு முடிச்சுகளைவிடக் கொக்கியும் ஜிப்பும் இந்நேரத்தில் கைகொடுக்கும். மலைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலோ மைதானத்திலோ ஒரு மாலை முழுவதும் கட்டி, பிரித்து, மேலே குழாய்நீரைப் பாய்ச்சிப் பார்த்துவிடலாம்.

காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போது அது ஈரமாகத்தான் இருக்கும். காய்வதற்காகக் காத்திருந்தால் பனி விலகவே பத்து மணியாகிவிடலாம். ஈரத்தோடு சுருட்டிக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் சேலம் வந்த அன்றே பையிலிருந்து எடுத்து மொட்டை மாடியில் விரிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளிகள் விழும். துணியின் உட்புறப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். நிழலில் காய்ந்தால் போதும், சேலத்து உச்சி வெயில் துணியின் நூலையே பலவீனப்படுத்தும். ஜிப்பின் பற்களில் ஒட்டிய செம்மண்ணைப் பழைய பல் துலக்கியால் தட்டிவிட்டு, முளைகளை எண்ணிப் பார்த்து, கொக்கிகளைத் தனிப்பையில் இட்டு, துணியை இறுகச் சுருட்டாமல் தளர்வாக மடித்து வைக்கலாம்.